முதல் ஹீமோகுளோபின் சொல்லாதது: பேற்றுக்குப் பின் மறைந்திருந்த இரத்தப்போக்கு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பேற்றுக்குப் பிந்தைய மிகை இரத்தப்போக்கைக் கண்டறிவதில் இரத்தப் பரிசோதனைகளை எந்த அளவுக்கு நம்பலாம், எந்த நேரத்தில் நம்பக் கூடாது என்பதை ஆராய்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம். இதில் வரும் தாய் உண்மையான ஒரு தனி நபர் அல்லர். பேறுகாலப் பிரிவுகளில் மீண்டும் மீண்டும் காணப்படும் ஒரு போக்கை வைத்துப் பயிற்சிக்காக அமைக்கப்பட்ட நிகழ்வு இது. அளவீடுகளும் அதற்கேற்ப அமைக்கப்பட்டவையே. அவற்றை விளக்கும் உடலியலும், மேற்கோளாக வரும் ஆய்வு முடிவுகளும் அப்படிப்பட்டவை அல்ல.

நிகழ்வு

தாயின் வயது 29. முதல் பேறு, கருவுற்று 40 வாரங்கள் நிறைந்திருந்தன. கர்ப்பத்தின் தொடக்கத்தில் எடை 54 கிலோ. சேர்க்கையின்போது ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11.8 கிராம், இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைச் சொல்லும் ஹெமடோகிரிட் 35 விழுக்காடு, தட்டணுக்கள் 2,10,000. இரத்த வகை பார்க்கப்பட்டு, மாதிரி இரத்த வங்கியில் வைக்கப்பட்டிருந்தது. குழந்தையை வெளியே தள்ளும் இரண்டாம் கட்டம் நீண்டுபோனதால் வாக்குவம் கருவியின் உதவியுடன், யோனிவாய்க் கீறல் போட்டு, அதிகாலை 2:10-க்குக் குழந்தை பிறந்தது. எடை 3.7 கிலோ. கருப்பையை இறுகச் செய்யும் ஆக்சிடோசின் உடனே 10 யூனிட் தரப்பட்டது. நஞ்சு முழுமையாக வெளிவந்தது. கருப்பை நன்றாக இறுகியிருந்தது. தாயின் கீழே விரித்திருந்த அளவுகோடிட்ட சேகரிப்புப் பையில் 380 மில்லிலிட்டர் இரத்தம் இருந்தது. கீறல் தைக்கப்பட்டது. அதன்பின் வெளியே இரத்தக் கசிவு ஏறக்குறைய நின்றுவிட்டது.

3 மணிக்கு நாடித்துடிப்பு 104, இரத்த அழுத்தம் 114/70. ஆசனவாய்ப் பக்கம் அழுத்துவதுபோல் இருப்பதாகத் தாய் சொன்னார். தையல் வலி என்று அது எடுத்துக்கொள்ளப்பட்டது. நாடி சற்று வேகமாக இருந்ததால், 3:10-க்கு இரத்தம் எடுக்கப்பட்டு ஆய்வகத்துக்கு அனுப்பப்பட்டது. கூடவே 500 மில்லிலிட்டர் ட்ரிப்பும் தொடங்கப்பட்டது. 3:45-க்கு முடிவு வந்தது: ஹீமோகுளோபின் 11.4. பதிவேட்டில் 'ஹீமோகுளோபின் சரி, கவனிக்கவும்' என்று எழுதப்பட்டது.

3:50-க்கு நாடி 122, அழுத்தம் 102/60. முகம் வெளிறி, வலி கூடியிருந்தது. மூத்த மருத்துவர் 3:55-க்குப் பரிசோதித்தபோது, யோனியின் வலது சுவரில் தொட்டாலே வலிக்கும்படி விம்மிப் புடைத்த இரத்தக்கட்டு கையில் பட்டது. 4 மணிக்கு இரண்டாவது தொகுதி மாதிரிகள் எடுக்கப்பட்டன. அதே நேரத்தில், இரத்த உறைவு கரைவதைத் தடுக்கும் டிரானெக்சாமிக் அமிலம் 1 கிராம் சிரைவழியாகச் செலுத்தப்பட்டது. 4:20-க்குத் தாய் அறுவை அரங்கில் இருந்தார். கட்டி திறக்கப்பட்டு, உறைந்ததும் உறையாததுமாக 850 மில்லிலிட்டர் வெளியேற்றப்பட்டது. கசிந்த இரத்தக்குழாய்கள் தைக்கப்பட்டன. எடைபோட்ட பஞ்சு, துணிகளில் மேலும் 320 மில்லிலிட்டர்.

மாதிரி எடுத்த நேரப்படி முடிவுகள் இவை. 4 மணி: ஹீமோகுளோபின் 10.1, திசுக்களில் ஆக்சிஜன் குறையும்போது உயரும் லாக்டேட் லிட்டருக்கு 4.4 மில்லிமோல், இரத்தம் உறையத் தேவையான புரதமான ஃபைப்ரினோஜன் லிட்டருக்கு 2.9 கிராம், உறைவு நேரச் சோதனைகள் இரண்டும் இயல்பு, தட்டணுக்கள் 1,64,000. 5 மணி: ஹீமோகுளோபின் 8.3, லாக்டேட் 3.6, ஃபைப்ரினோஜன் 1.9, அயனிக் கால்சியம் 1.04. இரண்டு யூனிட் சிவப்பணு, ஃபைப்ரினோஜன் செறிந்த பிளாஸ்மாப் பகுதியான கிரையோபிரெசிபிடேட், கால்சியம் ஆகியவை தரப்பட்ட பின் 7 மணிக்கு: ஹீமோகுளோபின் 9.4, லாக்டேட் 1.8, ஃபைப்ரினோஜன் 2.7. இரண்டாம் நாள் காலையில் ஹீமோகுளோபின் 9.6, ஹெமடோகிரிட் 29.

11.4 என்ற எண்

இந்த நிகழ்வில் விவாதிக்க வேண்டிய இடம் அறுவை அரங்கு அல்ல. 3:10 முதல் 3:50 வரையிலான நாற்பது நிமிடங்கள்தான். நாடியைப் பார்த்து ஐயம் எழுந்தது சரி. அந்த ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள ஹீமோகுளோபினைக் கேட்டதுதான் பொருந்தாத கேள்வி.

ஹீமோகுளோபின் என்பது உடலில் உள்ள இரத்தத்தின் மொத்த அளவைச் சொல்லும் எண் அல்ல. இருக்கும் இரத்தத்தின் அடர்த்தியைச் சொல்லும் எண். இரத்தம் வெளியேறும்போது சிவப்பணுவும் பிளாஸ்மாவும் ஒரே விகிதத்தில்தான் வெளியேறுகின்றன. ஒரு குடம் சாயநீரில் பாதியைக் கொட்டிவிட்டாலும் மீதியின் நிறம் மாறாது. வெறும் தண்ணீரை ஊற்றிய பிறகே அது வெளிறும். உடலில் அந்தத் தண்ணீர் இரண்டு வழிகளில் வருகிறது. ஒன்று, திசுக்களுக்கிடையே உள்ள நீர் நுண்குழாய்களின் வழியாகச் சிறிது சிறிதாக இரத்த ஓட்டத்துக்குள் திரும்புவது; இது முழுமை பெறப் பல மணி நேரமும், சில வேளைகளில் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். மற்றொன்று, நாம் ஏற்றும் ட்ரிப். எனவே 3:10-க்கு எடுத்த மாதிரியில் 11.4 என்று வந்தது ஆய்வகத்தின் பிழை அன்று. அது துல்லியமான அளவுதான். அந்த நேரத்தில் அந்தத் தாயின் யோனிச் சுவருக்குள் இரத்தம் சேர்ந்துகொண்டிருந்ததற்கும் அந்த எண்ணுக்கும் எந்த முரணும் இல்லை.

இதன் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 4 மணிக்கு 10.1, 5 மணிக்கு 8.3 என்று இறங்கியபோது அந்த ஒரு மணி நேரத்தில்தான் பெருமளவு இரத்தம் போனது என்று கொள்வதும் தவறே. அதற்குள் இரண்டு லிட்டர் அளவுக்குத் திரவம் ஏறியிருந்தது. முன்பே நடந்த இழப்பை, பிறகு ஏற்றிய திரவம் வெளிக்காட்டியது என்பதே சரியான வாசிப்பு. ஆகையால் ஹீமோகுளோபின் முடிவுக்குப் பக்கத்தில் இரண்டு தகவல்கள் கட்டாயம் எழுதப்பட வேண்டும் என்பது என் கருத்து: மாதிரி எடுத்த நேரம், அதுவரை ஏற்றிய திரவத்தின் அளவு. பல மருத்துவமனைகளின் முடிவுத் தாளில் அச்சாவது முடிவு வெளியான நேரம்தான். 3:45 என்று அச்சிட்ட தாளைப் பார்ப்பவர், அது 3:45-இன் நிலை என்றே எண்ணுவார். இரத்தப்போக்கின்போது 35 நிமிடம் என்பது வேறொரு காலம். நிறைமாதக் கர்ப்பத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 500 முதல் 700 மில்லிலிட்டர் வரை இரத்தம் பாய்கிறது என்பதை நினைவில் கொண்டால் இதைப் பெரிதுபடுத்திய பேச்சு என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

கண்ணால் பார்ப்பதும் அளப்பதும்

உலக சுகாதார நிறுவனத்தின் நெடுநாளைய வரையறைப்படி, பேற்றுக்குப் பின் 24 மணி நேரத்துக்குள் 500 மில்லிலிட்டர் அல்லது அதற்கு மேல் இரத்தம் இழந்தால் அது மிகை இரத்தப்போக்கு. 1,000 மில்லிலிட்டர் ஆனால் கடுமையானது. அந்த இழப்பைக் கண்ணால் மதிப்பிடும்போது, குறிப்பாக இழப்பு அதிகமாக இருக்கும்போது, குறைத்தே மதிப்பிடுகிறோம் என்பது பல முறை உறுதிப்பட்ட செய்தி. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நாடுகளில் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான இ-மோட்டிவ் ஆய்வில், அளவுகோடிட்ட சேகரிப்புப் பையும் உடனடிச் சிகிச்சைத் தொகுப்பும் சேர்ந்த மருத்துவமனைகளில் மிகை இரத்தப்போக்கில் 93 விழுக்காடு கண்டறியப்பட்டது. வழக்கமான முறையைப் பின்பற்றிய இடங்களில் 51 விழுக்காடுதான். ஒரு துளி இரத்தத்தைக்கூட ஆய்வகத்துக்கு அனுப்பாமல் கிடைத்த பலன் இது.

நம் தாய்க்கும் அந்தப் பை போடப்பட்டிருந்தது. அது 380 என்று சரியாகவே காட்டியது. 500-ஐ எட்டவில்லை என்பதால் எச்சரிக்கை ஒலிக்கவில்லை. ஆனால் 2025-இல் உலக சுகாதார நிறுவனம், பன்னாட்டு மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, பன்னாட்டுப் பேறுகாலச் செவிலியர் கூட்டமைப்பு ஆகியவை சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், 300 மில்லிலிட்டர் இழப்புடன் நாடித்துடிப்பு 100-ஐத் தாண்டுவது போன்ற ஓர் இயல்பு மாற்றம் சேர்ந்தாலே சிகிச்சையைத் தொடங்கச் சொல்கிறது. அந்த அளவுகோலின்படி 3 மணிக்கே, 380-உம் 104-உம் சேர்ந்தபோதே, முடிவு எடுக்கப்பட்டிருக்க வேண்டும். நாடியை மேல் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் அதிர்ச்சிக் குறியீடும் அதையே சொல்கிறது: 3 மணிக்கு 0.91, 3:50-க்கு 1.2. பேற்றுக்குப் பின் 0.9 வரை இயல்பு என்று கொள்ளப்படுகிறது. கைக்கணக்காகப் போட்டுப் பார்க்கக்கூடிய இந்த எண், 11.4 ஆய்வகத்திலிருந்து திரும்புவதற்கு 45 நிமிடங்களுக்கு முன்பே கட்டிலருகில் கிடைத்திருந்தது.

அப்படியானால் இரத்தப் பரிசோதனை வீண்தானா? வெளியே கொட்டும் இரத்தத்தைப் பொறுத்தவரை, கண்டறியும் வேலையை அது செய்வதில்லை என்றே சொல்வேன். யோனிச் சுவரிலோ, கருப்பையின் பக்கத் தசைநார் மடிப்புக்குள்ளோ, வயிற்றறையின் பின்புறத்திலோ இரத்தம் சேரும்போதுதான் நிலை மாறுகிறது. அங்கே எந்தப் பையும் எந்தத் தராசும் உதவாது. இரத்தமே சாட்சி, ஆனால் சரியான கேள்வியைக் கேட்க வேண்டும்.

லாக்டேட், ஃபைப்ரினோஜன்

4 மணி மாதிரியில் முதலில் கைக்கு வந்தது சிரை இரத்த வாயுப் பகுப்பாய்வு. பேற்றறைக்குப் பக்கத்தில் வைத்திருக்கும் கருவியில் ஓரிரு நிமிடங்களில் லாக்டேட், ஹீமோகுளோபின், அயனிக் கால்சியம் மூன்றும் கிடைத்துவிடும். லாக்டேட் 4.4. திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை என்பதன் அடையாளம் அது. ஹீமோகுளோபினைப்போல் நீர்த்துப்போவதற்காகக் காத்திருப்பதில்லை. ஆனால் பேறுகாலத்தில் இதைப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. குழந்தையை வெளியே தள்ள நெடுநேரம் முக்கிய தாய்க்கு, இரத்தப்போக்கே இல்லாவிட்டாலும் லாக்டேட் உயர்ந்துதான் இருக்கும். பேறு முடிந்த உடனே எடுத்த ஒற்றை அளவை வைத்து அச்சப்படுவதும் தவறு, அமைதியடைவதும் தவறு. தசையின் உழைப்பால் உயர்ந்த லாக்டேட் ஓய்வில் இறங்கிவிட வேண்டும். இந்தத் தாய்க்குப் பேறு முடிந்து ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆன பின்னும் 4.4 நின்றது என்பதே அதன் பொருளை மாற்றுகிறது. 3:10-க்கு ஹீமோகுளோபினுக்குப் பதிலாக இதைப் பார்த்திருந்தால் ஓர் ஒப்பீட்டு அளவாவது கையில் இருந்திருக்கும்.

ஃபைப்ரினோஜனின் கதை வேறு. கர்ப்பம் அல்லாத நிலையில் லிட்டருக்கு 2 முதல் 4 கிராம் வரை இருக்கும் இந்தப் புரதம், நிறைமாதத்தில் 4 முதல் 6 வரை உயர்கிறது. பேற்றின்போது ஏற்படும் இழப்பை எதிர்கொள்ள உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு இது என்று கொள்ளலாம். அதனால்தான் ஆய்வகம் அச்சிடும் 'இயல்பு வரம்பு' இங்கே ஏமாற்றுகிறது. 2.9 என்ற முடிவுக்குப் பக்கத்தில் எந்த நட்சத்திரக் குறியும் இருக்காது. ஆனால் நிறைமாதத் தாய்க்கு அது தெளிவான வீழ்ச்சி. பிரான்சில் 128 பெண்களிடம் நடத்தப்பட்டு 2007-இல் வெளியான ஆய்வில், இரத்தப்போக்கின் தொடக்கத்திலேயே ஃபைப்ரினோஜன் 2 கிராம் அல்லது அதற்குக் கீழே இருந்த அனைவருக்கும் போக்கு கடுமையாக முடிந்தது. 4-க்கு மேல் இருந்தவர்களில் 79 விழுக்காட்டினர் கடுமையான நிலைக்குப் போகவில்லை. இந்த இரண்டாவது எண்ணையும் மறக்கக் கூடாது: நல்ல ஃபைப்ரினோஜன் ஆறுதல் தரலாம், காப்புறுதி தராது.

உறைவு நேரச் சோதனைகள் 4 மணிக்கு இயல்பாக இருந்தன. அதில் வியப்பில்லை. கர்ப்பத்தில் உறைவுக் காரணிகள் பலவும் உயர்ந்திருப்பதால், இழப்பு மிகப் பெரிதாகும்வரை அந்த நேரங்கள் நீள்வதில்லை. முதலில் இறங்குவது ஃபைப்ரினோஜனே. வழக்கமான உறைவுத் தொகுப்பைக் கேட்டுவிட்டு ஃபைப்ரினோஜனைத் தனியாகக் குறிப்பிடாமல் விடும் படிவங்கள் இன்னும் உள்ளன. உறைவு கரையும்போது உண்டாகும் துணுக்கை அளக்கும் டி-டைமர் சோதனையை இங்கே கேட்பதில் பயனில்லை, பேற்றுக்குப் பின் எல்லோருக்கும் அது உயர்ந்தே இருக்கும்.

ஆய்வகத்தில் ஃபைப்ரினோஜன் அளவிட முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். உறைவின் உறுதியைக் கட்டிலருகிலேயே அளக்கும் கருவி இருந்தால் பத்து நிமிடங்களில் ஏறத்தாழ அதே விடை கிடைக்கும். இரண்டும் இல்லாத இடத்தில் கண்ணாடிக் குழாய் இருக்கிறது: 2 மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த, எந்தப் பொருளும் சேர்க்காத சிறிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, கைக்குள் மூடி வெதுவெதுப்பாக வைத்து, நான்கு நிமிடம் கழித்து மெல்லச் சாய்த்துப் பார்ப்பது, பிறகு நிமிடத்துக்கு ஒருமுறை. ஏழு நிமிடம் ஆகியும் உறையாவிட்டாலோ, உறைந்தது எளிதில் கலைந்தாலோ உறைவுக் கோளாறு என்று கொள்ள வேண்டும். இந்தத் தாய்க்கு 4 மணிக்கு அதுவும் பார்க்கப்பட்டது. ஆறாம் நிமிடத்தில் உறுதியாக உறைந்தது. 2.9-உடன் அது ஒத்துப்போகிறது. ஆனால் 5 மணிக்கு வரவிருந்த 1.9-ஐ அது முன்கூட்டிச் சொல்லவில்லை.

5 மணி முடிவின்படி ஃபைப்ரினோஜனை ஈடுசெய்தது முறையே: போக்கு தொடரும்போது 2-க்குக் கீழே போனால் தரலாம் என்பதே பொதுவான நடைமுறை. எல்லோருக்கும் முன்கூட்டியே தந்தால் என்ன என்று கேட்கலாம். அதைச் சோதித்தார்கள். பரிசோதனை முடிவைப் பாராமல் 2 கிராம் ஃபைப்ரினோஜன் தந்து பார்த்த, 2015-இல் வெளியான ஆய்வில் பலன் தெரியவில்லை. ஓரளவு குறைந்தவர்களுக்குத் தந்து பார்த்த 2017 ஆய்விலும் அப்படியே. குறைவு உண்மையில் யாருக்கு என்பதை அளந்து தெரிந்துகொள்வதில்தான் இந்தச் சோதனையின் மதிப்பு இருக்கிறது. டிரானெக்சாமிக் அமிலத்துக்கு இந்த நியாயம் பொருந்தாது. 20,060 பெண்களைக் கொண்டு நடந்து 2017-இல் வெளியான 'வுமன்' ஆய்வு, பேறு முடிந்து மூன்று மணி நேரத்துக்குள் தரப்படும்போது அது இரத்தப்போக்கால் நேரும் மரணத்தைக் குறைக்கிறது என்று காட்டியது. தாமதிக்கும் ஒவ்வொரு கால் மணி நேரத்துக்கும் பலன் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைகிறது என்று பிந்தைய பகுப்பாய்வு கண்டது. அதைத் தர எந்த இரத்த முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

இழப்பைத் திரும்பக் கணக்கிடுதல்

இரண்டாம் நாள் ஹெமடோகிரிட்டை வைத்து மொத்த இழப்பை மதிப்பிடும் பழக்கம் உண்டு. நிறைமாதத்தில் இரத்த அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 100 மில்லிலிட்டர் என்று கொண்டால் இவருக்கு 5,400. தொடக்கம் 35, முடிவு 29, சராசரி 32. இரத்த அளவை ஹெமடோகிரிட் வேறுபாட்டால் பெருக்கிச் சராசரியால் வகுக்கும் சூத்திரத்தில் போட்டால் 1,010 மில்லிலிட்டர் அளவே வருகிறது. அளந்து சேர்த்ததோ 380, 850, 320 என 1,550. அளந்ததைவிடக் கணக்கு குறைவாக வருவதன் காரணம் எளிது: ஏற்றிய இரண்டு யூனிட்டைக் கணக்கு மறந்துவிட்டது. ஒரு யூனிட்டில் 180 மில்லிலிட்டர் சிவப்பணு என்று கொண்டு, அந்த 360-ஐ அதே சராசரியால் (0.32) வகுத்துச் சேர்த்தால் இழப்பு 2,100-ஐ ஒட்டி வருகிறது. அளந்ததற்கும் இதற்கும் இடையே உள்ள 550-இல் ஒரு பகுதி திசுக்களுக்குள் ஊறிப்போனது. மீதி சூத்திரத்தின் தளர்வு. பேற்றுக்குப் பின் கருப்பை சுருங்கும்போது ஓரளவு இரத்தம் உடலுக்குத் திரும்புவதும், அடுத்த நாட்களில் பிளாஸ்மா குறைவதும் இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது. பதிவேட்டுக்கும் தணிக்கைக்கும் இந்தக் கணக்கு உதவும்; அந்த இரவில் உதவாது.

மாதிரி எடுக்கும் முறை பற்றி ஒரு சிறு குறிப்பு. ட்ரிப் ஏறும் கையிலிருந்து எடுத்த இரத்தம் ஹீமோகுளோபின், ஃபைப்ரினோஜன் போன்ற எண்களைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். உறைவுச் சோதனைக்கான சிட்ரேட் குழாயைக் கோடு வரை நிரப்பாவிட்டால் விகிதம் கெட்டு, உறைவு நேரங்கள் பொய்யாக நீளும். அவசரத்தில் இரண்டும் நடப்பவையே.

பின்தொடர்வு

நான்காம் நாள் தாய் வீடு திரும்பினார். இரத்தசோகைக்கு இரும்புச்சத்து தொடங்கப்பட்டது. ஆறாம் வாரத்தில் ஹீமோகுளோபினும், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லப்பட்டது. விசாரித்தபோது, பூப்பெய்திய நாள் முதலே மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருந்ததாகவும், பல் பிடுங்கியபோது நெடுநேரம் இரத்தம் நிற்கவில்லை என்றும் தெரியவந்தது. கர்ப்பகாலப் பதிவில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. இரத்தம் உறைய உதவும் வான் வில்லிபிராண்ட் காரணியின் குறைபாட்டுக்கான சோதனை மருத்துவமனையில் இருக்கும்போதே கேட்கப்பட்டாலும் எடுக்கப்படவில்லை. அந்தக் காரணி கர்ப்பத்தில் உயர்ந்து, பேற்றுக்குப் பின் சில வாரங்களில்தான் தன் பழைய அளவுக்கு இறங்கும் என்பதால், முதல் வாரத்தில் எடுத்தால் இலேசான குறைபாடு மறைந்துபோகும். பேறு முடிந்து ஆறு வாரங்களுக்குப் பிறகு அதை எடுக்கும்படி வெளியேற்றச் சுருக்கத்தில் எழுதப்பட்டது. இரத்தப்போக்கும் அந்தக் காரணி இறங்கும் நாட்களில் திரும்பி வரக்கூடும் என்பதால், போக்கு மீண்டும் கூடினால் ஆறு வாரம் காத்திராமல் உடனே வர வேண்டும் என்று தாயிடமும் குடும்பத்தாரிடமும் தனியாகச் சொல்லப்பட்டது.